புஸ்க் யோரானின் எண்பத்து மூன்று துண்டு நிலம்

எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் தலை வணங்குவதில்லை. ஸ்வீடன் மன்னரே எங்கள் சில்யான் ஏரிக்கரைக்கு வந்து நின்றாலும் 'நீ' என்றுதான் பேசுவோம். அநியாயம் என்று பட்டால் தலைநகர் ஸ்டாக்ஹோம் வரை ஆயுதத்தோடு நடந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். அந்தப் பெருமையெல்லாம் எனக்கும் உண்டு. ஆனால் புஸ்க் யோரானுக்கு நாங்கள் செய்ததையும் யாராவது சொல்ல வேண்டுமே.

புஸ்க் என்பது பண்ணையின் பெயர். அந்த வீட்டு மார்கிட்டைக் கட்டிக்கொண்டு யோரான் குடிவந்த அன்றே அது அவன் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமபாகம் என்று தலைமுறை தலைமுறையாகப் பிரித்ததில் மார்கிட்டுக்கு வந்த நிலம் எண்பத்து மூன்று துண்டு. பார்லிக்கு நாலு இங்கே, புல்லுக்கு ஏழு மலைக்கு அந்தப் பக்கம், மிச்சமெல்லாம் எங்கெங்கோ. சிலவற்றில் வண்டியைத் திருப்பக்கூட இடம் கிடையாது. மரம் விழுந்து யோரானின் கால் நசுங்கிய பிறகு அத்தனைக்கும் அவளே நடந்தாள். முதுகில் புல்லுக்கட்டோடு நின்று நின்று இருமுவாள். பிறகு இருமலில் ரத்தம் வந்தது.

ஒருவன் மனு போட்டால் போதும், அரசாங்க சர்வேயர் வந்து ஊர் நிலம் மொத்தத்தையும் அளந்து அவரவருக்கு ஒரே இடத்தில் ஒதுக்கிவிடுவார். யோரான் யாரிடமும் கேட்காமல் கையெழுத்துக்குப் பதிலாகத் தன் வீட்டு அடையாளத்தைக் காகிதத்தில் போட்டு மனுவைக் கொடுத்துவிட்டு வந்தான்.

"நம்ம நிலத்த அளக்க மன்னன் ஆளு வரணுமாடா?" என்றார் ஊர்த்தலைவர் க்னிஸ் ஒலோஃப்.

"நடந்து நடந்தே அவ செத்துருவா, ஒலோஃப்."

"எம் பொண்டாட்டியுந்தான் நடக்குறா. செத்தா போயிட்டா?"

அதன்பிறகு அவனோடு யாரும் பேசவில்லை. சர்வேயர் வருவதற்குள், செப்டம்பரில், மார்கிட் போய்ச் சேர்ந்தாள்.

கோயிலும் கல்லறையும் ஏரிக்கு அக்கரையில். சுற்றிப் போனால் சேற்றுநிலம், சவப்பெட்டி போகாது. யோரானின் மீன்படகில் பெட்டியைப் படுக்க வைக்கவும் இடமில்லை. ஊருக்கென்று இருப்பது இருபது துடுப்புள்ள நீளப்படகு ஒன்றுதான், வீட்டுக்கு ஒரு துடுப்பு. மூன்று நாள் பெட்டி களஞ்சியத்தில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் யோரானும் மகள் மலினும் அதைச் சறுக்குக்கட்டையில் ஏற்றிக் கரைக்கு இழுத்து வந்தார்கள். கோயிலுக்குப் போக நாங்கள் துடுப்போடு நீளப்படகில் உட்கார்ந்திருந்தோம்.

"கொஞ்சம் தூக்கி வைங்கப்பா" என்றான்.

ஒருவரும் அசையவில்லை.

"உன்னை யாரு தடுத்தா?" என்றார் ஒலோஃப். "ஏரி எல்லாருக்கும் பொது. துடுப்பு போடுறது அவனவன் இஷ்டம். இங்க யாரையும் யாரும் கட்டாயப்படுத்துறதில்ல."

யோரான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். என் முறை வந்தபோது நான் தண்ணீரைப் பார்த்தேன்.

"மனுவை வாபஸ் வாங்கிக்கிறேன்."

சொல்லி முடிக்கவில்லை, பத்துப்பேர் குதித்து இறங்கினோம். தலைமாட்டைப் பிடித்தவர் ஒலோஃப்தான். பெண்கள் மலினைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்த அழுகை பொய்யில்லை, அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. அன்றைக்குப் போல நாங்கள் என்றும் துடுப்பு வலித்ததில்லை.

மனு ஏன் வாபஸானது என்று விசாரிக்க, அடுத்த வருடம் புல் அறுக்கும் காலத்தில் சர்வேயர் வந்தே விட்டார். ஊர் கூடி நிற்க, காகிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இது யாரோட அடையாளம்?"

"என்னுதுதான்" என்றான் யோரான்.

"அப்புறம் ஏன் வேணாங்குற? யாராவது மிரட்டினாங்களா?"

அவன் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிலம் ஒரே இடத்தில் அவனுக்குக் கிடைத்திருக்கும்.

"மிரட்டலா? இவங்களா? அன்னிக்கு குடிச்சிருந்தேன்யா, போட்டுட்டேன். நீ உன் அளவுச் சங்கிலியத் தூக்கிட்டுக் கெளம்பு."

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். யோரான் வாழ்நாளில் சாராயத்தைத் தொட்டவனில்லை, அது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். மலின் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கயிற்றையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தாள்.