வெளிச்சம் எட்டாத அடைப்பு

தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கு, பதுளையில் என் கிளினிக்கில் கடைவாய்ப்பல்லைக் கம்போசிட் என்ற பல்நிறப் பிசின் வைத்து அடைத்தேன். அதைச் சிறிது சிறிதாக வைத்து, ஒவ்வொரு தடவையும் நீல வெளிச்சம் காட்டி இறுக்க வேண்டும். அன்று கூட்டம். ஒரே தடவையில் அடைத்து, மேலே கல்லாக இறுகியதும் அனுப்பிவிட்டேன்.

சில மாதத்தில் தாடை வீங்கி வந்தாள். அடைப்பைத் தோண்டினால், அடியில் இறுகாத களியும் சீழும்.

“ஏசாதீங்க டாக்டரம்மா, நாந்தான் வெத்தலைய விடல,” என்றாள்.

தப்பு என்னுடையது என்று தெரிந்துகொண்டே, “ஆமா, வெத்தலதான்,” என்றேன்.

பல்லைப் பிடுங்கினேன். பஞ்சைக் கடித்தபடியே, இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையை எடுத்து என் குப்பைக்கூடையில் போட்டாள். மலைக்குளிரில் அவளுக்கு அதுதான் சூடு.

குனிந்து எடுத்துக் கொடுத்திருக்கலாம். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.