வத்தல் காய்ந்த மாடியும் முக்கூடல் மழையும்

கிளம்புவதற்கு முன்பே எழுதிவைத்த குறிப்பு:

1. ஏன் போகிறேன்.
2. எப்படிப் போவது, என்ன செலவு.
3. ஆறு ஓடும் ஊருக்கு மழைத்தொட்டி தேவையில்லை.
4. போக நினைப்பவர்களுக்கு.

பேச்சியம்மாள் என் மனைவியின் சித்தி மகள். முக்கூடலில் வீட்டு முன்னறையில் இட்லிக்கடை நடத்துகிறாள். இந்தக் கோடையில் குழாயில் தண்ணீர் சரியாக வராததால் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் மாவரைத்தாள். வந்துகொண்டிருந்தவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். மாடியில் விழும் மழையைச் சேர்க்க மூவாயிரம் லிட்டர் தரைத்தொட்டி கட்டினாள். ஐப்பசியில் அது நிறையாவிட்டால் கடையை மூடிவிட்டு மகனோடு திருப்பூரில் இருந்துவிடுவதாகச் சொன்னாள். எங்கள் தச்சநல்லூர் வீட்டிலும் அப்படி ஒன்று கட்டலாமா என்று எனக்குள் நெடுநாள் தயக்கம். பார்த்துவிட்டு வரலாம் என்று ஐப்பசியில் போனேன்.

சந்திப்புப் பேருந்து நிலையத்திலிருந்து முக்கூடலுக்கு ஒன்றேகால் மணி நேரம். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இறங்கியபின் ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய். ஓட்டுநர் சுடலை, பேச்சியின் எதிர்வீட்டுக்காரர்தான்.

"ஆத்தங்கரைல குடியிருந்துக்கிட்டு வானத்தப் பாத்து வாயத் தொறந்துக்கிட்டு நிக்கா எங்க பேச்சி. சிரிப்பா வருது அண்ணாச்சி."

நானும் சிரித்தேன். என் மூன்றாவது குறிப்பும் அதுதானே.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. பேச்சி ஓடிப்போய், மாடித் தண்ணீரைத் தெருவுக்கு விடும் பக்கக் குழாயின் மூடியைக் கழற்றினாள். கோடை முழுவதும் மிளகாய் வத்தல் காய்ந்த மாடி. அதைக் கழுவிய தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாதல்லவா? சிவப்பாக, காரநெடியோடு தெருவில் ஓடியது. ஓடி முடித்ததும் மழை நின்றுவிட்டது.

"பாத்தேளா அத்தான்? மாடியக் கழுவிவிடத்தான் வந்திருக்கு" என்று படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னும் வரும்" என்றேன். எதை நம்பிச் சொன்னேனோ தெரியாது.

ஐந்து மணிக்கு மேற்கே மலை மழையில் மறைந்தது. பிறகு தென்னைகள் மறைந்தன. எதிர்வீடும் மறைந்தது. பேச்சி பக்கக் குழாயின் மூடியைத் திருகி அடைத்தாள். காலித் தொட்டிக்குள் தண்ணீர் விழுந்த ஓசையில் தரை அதிர்ந்தது. டார்ச் அடித்து இருவரும் குனிந்து பார்த்தோம். ஒரு மாடி அகலத்து வானம் இவ்வளவு கொடுக்குமா? விளக்கு வைத்துச் சற்று நேரத்தில் தொட்டி நிறைந்து வழிந்தது.

காலையில் ஆறு செம்மண் கரைசலாக இரு கரையும் தொட்டு ஓடியது. குழாயிலும் அதே கலங்கல். சுடலை குடத்தோடு வாசலில் நின்றார்.

"ஏலே சுடலை, ஆத்துல எறங்கி மோந்துக்கிட வேண்டியதான?" என்றாள் பேச்சி.

"வெள்ளத்துல என்னையத் தள்ளப் பாக்கியா? சிரிச்சது தப்புதான், ஊத்து தாயி."

குடம் நிறைந்தது. திருப்பூர்ப் பயணம் என்னவாயிற்று என்று மெதுவாகக் கேட்டேன்.

"அரிசி நனையப் போட்டிருக்கேன் அத்தான். போட்டதப் போட்டபடி விட்டுட்டா போவேன்?"

தொட்டி கட்டுகிறவர்கள் ஐப்பசிக்கு முன்பே வத்தலை அள்ளி மாடியைக் கழுவிவிடுங்கள். மனம் கேட்காவிட்டாலும் முதல் மழையைத் தெருவில் விடுங்கள். குடிப்பதற்குக் காய்ச்சிக்கொள்ளுங்கள். கோடை முழுவதற்கும் போதுமா என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது குறிப்பை அழிக்காமல் விட்டிருக்கிறேன். அது தவறு. ஆறு நிறைந்து ஓடிய அன்றுதான் அந்தத் தெருக் குழாயில் குடிக்கத் தண்ணீர் இல்லை.