மூன்றாவது சிலிண்டர்

மதலைமுத்துவுக்கு இடது கால் இரண்டு விரற்கடை குட்டை. தன் அம்பாசடர் டாக்சியில் கிளட்சை மிதிக்க, சீட்டு நுனிக்கு வந்து ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்தபடிதான் ஓட்டுவார். ஒரு தடவை பிரேக் வேலைக்காக மெக்கானிக் கவுஸ் பாஷாவிடம் வண்டியை விட்டு, மறுநாள் எடுத்துப் போனார். பாலக்கோடு சந்தையைத் தாண்டியபோதுதான் முதுகு சீட்டில் சாய்ந்திருப்பது உறைத்தது. குனிந்து பார்த்தால், கிளட்சு மிதிமேல் ரப்பர் ஒட்டிய இரும்புக் கட்டை ஒன்று பற்றவைக்கப்பட்டிருந்தது. பாஷா அதைச் சொல்லவும் இல்லை, கூலி கேட்கவும் இல்லை. நன்றி சொல்லப் போனால் வசவுதான் கிடைக்கும் என்று மதலைமுத்துவும் வாய் திறக்கவில்லை.

பாஷாவின் வாய் அப்படி. அவர் கணக்கில் பாலக்கோட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தவன் எவனும் இல்லை. ஆயில் மாற்றாமல் வருகிறவனிடம், "நீ மூணு வேளை தின்ற, வண்டிக்கு மட்டும் வருசம் பூரா நோம்பா?" என்பார்.

எண்பத்தாறு ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மதலைமுத்துவின் வண்டி மேடு ஏறும்போது விக்கத் தொடங்கியது. திங்கட்கிழமை காலை ஆலை அதிகாரி ஒருவருக்கு அது மாத வாடகைக்குப் போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த இடம் இன்னொரு டாக்சிக்காரர் வெங்கடாசலத்தின் வண்டிக்குப் போய்விடும். வீட்டில் மனைவி ராஜமேரி அந்த வாடகையை நம்பித்தான் உலை வைக்க இருந்தாள். பாஷாவோ ஏரியூருக்கு வேலையாகப் போயிருந்தார். வேறு வழியில்லாமல் மதலைமுத்து பிலவேந்திரனின் பட்டறைக்குப் போனார். அங்கேதான் மிஷின் இருந்தது.

பெங்களூரிலிருந்து வந்த பெட்டி அது. நாலு வயர், நாலு கிளிப், நாலு முள். பிளக்குக்கு ஒன்றாக மாட்டினால், எந்த முள் எழவில்லையோ அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். மிஷின் வந்த நாளிலிருந்து பிலவேந்திரன் எஞ்சின் பக்கம் குனிவதையே விட்டுவிட்டார். வெள்ளைச் சட்டை கசங்காமல் நின்று முள்ளைப் பார்ப்பார், தீர்ப்புச் சொல்வார்.

"மூணாவது சிலிண்டரு செத்துப்போச்சுங்க. எஞ்சினைப் பிரிச்சு, சேலம் கொண்டுபோயி சிலிண்டரைக் கடைஞ்சு போர் அடிக்கணும். இருவது நாளு ஆவும்."

மறுநாள் ஞாயிறு பூசையில் மண்டியிட்ட மதலைமுத்து, வண்டி ஓட வேண்டும் என்பதைத் தவிர வேறெதையும் வேண்டவில்லை. கோயில் முடிந்து நேரே, ராத்திரி ஏரியூரிலிருந்து திரும்பியிருந்த பாஷாவின் வீட்டுக்குப் போய், அவரைப் பிலவேந்திரனின் பட்டறைக்கு அழைத்து வந்தார்.

பாஷா வண்டியைத் தொடவில்லை. வரிசையில் நின்ற மற்ற வண்டிகளைப் பார்த்தார்.

"அந்த ஜீப்புக்கு என்னங்க?"

"மூணாவது சிலிண்டரு," என்றார் பிலவேந்திரன்.

"பியட்டுக்கு?"

"அதுக்கும் மூணாவதுதான் பாய்."

"ஊருல மூணாவது சிலிண்டருக்கு மட்டும் காலரா வந்திருக்குதுங்களா மொதலாளி?"

டாக்சியை ஸ்டார்ட் செய்தார் பாஷா. துணி சுற்றிய கையால் மூன்றாவது பிளக்கின் வயரைப் பிடுங்கினார். எஞ்சின் குலுங்கி அணையப் பார்த்தது. மாட்டினார், பழையபடி ஓடியது.

"செத்தவனைக் கிள்ளுனா துள்ளுவானா? சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரிஞ்ச சோதனை இது. செஞ்சா சட்டை அழுக்காயிரும்."

பிறகு மிஷினின் மூன்றாவது கிளிப்பை எடுத்து, அதன் பல்லில் நகத்தால் சுரண்டினார். வெள்ளையாக உதிர்ந்தது. மெழுகு.

அந்தோணியார் திருவிழாவன்று பங்குசாமியார் வந்து பெட்டியை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்திருந்தார். அது போதும். பிலவேந்திரனுக்குப் போதவில்லை. மணிக்கட்டுப் பருமனில் ஒரு மெழுகுவர்த்தியைப் பெட்டி மேலேயே ஏற்றி வைத்தார். அது உருகி வழிந்து, கீழே தொங்கிய கிளிப்புக்குள் இறங்கி உறைந்திருந்தது. ஆண்டவர் கொடுத்த ஆசீர்வாதத்தை இவரே மெழுகை ஊற்றி அடைத்துவிட்டார்.

"அது அந்தோணியாருக்கு ஏத்துனது பாய்," என்றார் பிலவேந்திரன், குரல் இறங்கி.

"அவரு மேல ஏனுங்க பழி போடுறீங்க? காணாமப் போனதைக் கண்டுபுடிச்சுக் குடுக்கறவரு அவரு. இருக்கற சிலிண்டரைக் காணாம அடிச்சது நீங்க."

தேநீர் குடித்தபடி காத்திருந்த ஜீப்புக்காரருக்குச் சிரித்ததில் புரையேறியது. கிளிப்பைத் துடைத்து மாட்டியதும் நாலு முள்ளும் ஒழுங்காக எழுந்து நின்றன.

"மிஷினு நல்ல மிஷினுதான். வாய் மட்டும் இருந்தா உங்களைத் திட்டும்," என்றார் பாஷா.

அப்புறம் டாக்சியின் கார்புரேட்டரைக் கழற்றி, உள்ளே பெட்ரோல் வரும் சிறு துளையை வாயால் ஊதினார். கடுகளவு தூசி வெளியே வந்தது. இருபது நாள் வேலை அவ்வளவுதான். திங்கட்கிழமை காலை வண்டி ஆலை வாசலில் நின்றது.

மூன்று வருடம் கழித்து, பாஷாவுக்கு மூச்சிரைப்பு அதிகமாகி, மகன் பெங்களூருக்கு அழைத்துக்கொண்டான். மதலைமுத்துதான் அவரையும் அவர் மனைவி அக்தர் பேகத்தையும் தருமபுரி பஸ் நிலையத்தில் கொண்டுபோய் இறக்கினார். பஸ் கிளம்பும் நேரம். இனி எப்போது பார்ப்போமோ என்று மதலைமுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பாய், அந்தக் கிளட்சுக் கட்டை... நான் ஒரு வார்த்தைகூட..."

பாஷா ஜன்னல் வழியாக முறைத்தார்.

"உன் கால் எட்டாம கிளட்சு தேஞ்சா யாரு மாத்தறது? நான்தானே? அதுக்குத்தான் வெச்சேன். போ, போயி வண்டிய எடு. இங்கியே நின்னு அழுதுகிட்டிருந்தா மூணாவது சிலிண்டரு நெசமாவே செத்துரும்."