விபூதி பிடித்த கண்ணாடி

பழைய வண்டிக் கண்ணாடி எதையும் தருமன் எடுத்தவுடனே கழற்ற மாட்டார். முதலில் விரல் நகத்தால் ஓரம் முழுக்கத் தட்டிக்கொண்டே வருவார். பிடி விட்ட இடம் கிணுகிணுக்கும். இறுகிய இடம் ஊமையாக இருக்கும். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிடும் குடும்பம் அவருடையது. திருவண்ணாமலைக்கு வந்து, கண்ணாடிகளைத் தானே உடைத்து உடைத்துத் தானே தொழில் கற்றுக்கொண்டார்.

அன்று செங்கம் சாலை ஷெட்டில் நின்றது, கோயில் குருக்கள் நமசிவாயத்தின் அறுபது வருடத்துக் கார். சட்டத்தில் துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்க வேண்டும். அதற்கு முன்கண்ணாடி வெளியே வந்தாக வேண்டும். அந்த வளைவில் இன்னொன்று எங்கும் கிடைக்காது. ஓரத்தில் ஒரு அடி பட்டால் மொத்தமும் கற்கண்டாக உதிர்ந்துவிடும்.

"எங்கப்பா பார்த்து ஓட்டின கண்ணாடிப்பா" என்று மட்டும் சொல்லியிருந்தார் குருக்கள்.

கண்ணாடியைச் சுற்றிப் பிடித்திருக்கும் ரப்பர் புதிதாகக் கிடைக்கும் என்பதால், தருமன் அதன் வெளி உதட்டைப் பிளேடால் சுற்றிலும் அறுத்தெடுத்தார். மேல்பக்கமும் பக்கவாட்டும் விட்டுக்கொடுத்தன. கீழ் ஓரம் அசையவே இல்லை.

"நாடி புடிச்சது போதும்ணே. ஸ்க்ரூடிரைவர வெச்சு ஒரு நெம்பு நெம்பு" என்றான் பெயிண்டர் ஆதவன்.

"நெம்பினா மொறத்துலதான்டா அள்ளணும்."

கண்ணாடி உட்காரும் கீழ்ப்பள்ளத்தை மூங்கில் சீவலால் சுரண்டினார். வெள்ளையாகக் கட்டி பெயர்ந்தது.

"எவன்டா இதுல சிமெண்ட் பூசினவன்? அவன் கைய ஒடைக்கணும்!"

பின்னால் நின்ற குருக்கள் செருமினார். "சிமெண்ட் இல்லப்பா, விபூதி. தினம் வண்டி எடுக்கறச்சே கண்ணாடிக்கு இட்டு விடுவோம். அப்பா காலத்துலேர்ந்து."

மழையில் கரைந்து கரைந்து இறங்கி, பள்ளத்தில் இறுகிப்போன விபூதி. தருமன் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஊசி போடும் சிரிஞ்சில் வெந்நீர் ஏற்றி, ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவைத்தார்.

அடுத்த சிக்கல் அப்போதுதான் உறைத்தது. வழக்கமாக சீட்டில் மல்லாந்து படுத்து, இரண்டு பாதத்தாலும் உள்ளிருந்து மெதுவாகத் தள்ளுவார். விபூதி இட்ட கண்ணாடியில் காலை வைப்பதா? அதுவும் குருக்கள் பார்க்க?

"தலையால முட்டுண்ணே" என்று சிரித்தான் ஆதவன்.

தருமன் சிரிக்கவில்லை. துண்டை மடித்து நெற்றியில் கட்டினார். வண்டிக்குள் சீட்டில் மண்டியிட்டு, உள்ளங்கைகளை இரு மூலைகளிலும் பதித்து, நெற்றியைக் கண்ணாடியில் வைத்து மூச்சை விட்டபடியே அழுத்தினார். வெளியே ஆதவன் கையேந்தி நின்றான். கீழ் ஓரம் முனகியது. பிறகு சட்டென்று விட்டது. கண்ணாடி முழுசாக அவன் கைகளில் இறங்கியது.

கம்பளியில் கிடத்தியதும் குருக்களின் கண் கலங்கியது. இடுப்புப் பையிலிருந்து விபூதி எடுத்தார். கை பழக்கத்தில் கண்ணாடியின் கீழ் ஓரத்துக்கே போனது.

"சாமி!" என்றார் தருமன்.

கை அந்தரத்தில் நின்றது. திரும்பி, ஸ்க்ரூடிரைவரால் நெம்பச் சொன்ன ஆதவனின் நெற்றியில் அழுத்தமாக இட்டது.