லியனார்ட் அண்ணே வந்த காலைகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டில் எங்களுக்கு எதிர்வீடு மகதலேனா அக்கா. அவர் கணவர் லியனார்ட் அண்ணே ரயில்வேயில் வேலை பார்த்தவர். யாரைப் பார்த்தாலும் முதல் வார்த்தை "சாப்டாச்சா?" தான். லிஃப்டில் பூனை நின்றாலும் கேட்பார். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

அக்காவுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய். தவக்காலம் வந்ததும் ஒருசந்தி பிடித்தார். ராத்திரி ஒரு வேளைதான் சாப்பாடு. ஆனால் காலை ஏழு மணிக்கு கிளிக்லசைடு மாத்திரையைத் தவறாமல் போட்டார். டாக்டர் பேச்சையும் கேட்டாயிற்று, சாமி பேச்சையும் கேட்டாயிற்று. வயிறு காலி என்று மாத்திரைக்குத் தெரியுமா? அது பாட்டுக்கு கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். இரத்தத்தில் இருக்கிற சர்க்கரையும் கடகடவென்று இறங்கிவிடும்.

ஈஸ்டர் முடிந்தும் அக்கா காலையில் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு வெட்கத்தோடு சொன்னார்.

"பத்து மணிக்கு மேல கை நடுங்கும், வேர்க்கும். அப்புறம் எல்லாம் மெதுவாயிடும் மலரு. ஜன்னல் வெளிச்சம் ரூமு பூரா பால் மாதிரி பரவும். ரயில் சத்தம் தண்ணிக்குள்ள கேக்குற மாதிரி இருக்கும். நாற்காலியில அவரு உக்காந்திருப்பாரு. அதே நீல சட்டை."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அது சுகர் லோவா போறது, அக்கா. மயங்கி விழுந்தா உயிரே போயிரும். அண்ணன பாக்கணும்னா போட்டோவ பாருங்க."

"போட்டோ மூச்சு விடாது," என்றார்.

மறுநாள் பத்தரைக்குப் போனேன். அக்கா வேர்த்து நனைந்து, காலி நாற்காலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன்: 2.9. நாலுக்குக் கீழே போகவே கூடாது. சீனி அள்ளிப் போட்டு டீ கலக்கிக் கொண்டுவந்தேன். வாயைத் திறக்க மாட்டேன் என்றார்.

"குடிச்சா போயிருவாரு லா."

திட்டிப் பயனில்லை என்று தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த வெளிச்சம் எனக்கும் அழகாகத்தான் இருந்தது.

"அண்ணே என்னக்கா சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லல. சும்மா பாத்துக்கிட்டு இருக்காரு."

"சாப்டாச்சான்னு கேட்டாரா?"

அக்காவின் சிரிப்பு நின்றது. நாற்காலியையே பார்த்தார்.

"ஒரு நாள்கூட கேக்கல," என்றார்.

கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினார். பாதி குடித்ததும் அழுதார். அழுதுகொண்டே மீதியையும் குடித்தார். கொஞ்ச நேரத்தில் கை நடுக்கம் நின்றது.

"போயிட்டாரு," என்றார். என் பக்கம் திரும்பி, "ரொட்டி இருக்கா, மலரு?"