திறப்பு விழா நாளில் ஒரு சாவு

ஜிபார் நன்றாக அழுவாள் என்பது கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கின் கன்டெய்னர் சந்தையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சிரிக்காதீர்கள். அழுவது என்றால் மூக்கைச் சிந்துவது அல்ல. சாவு வீட்டு முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டு உடலைக் கிடத்தியதும், பெண்கள் வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டும். செத்தவளின் கைராசி, வாய்த்துடுக்கு, பட்ட பாடு எல்லாவற்றையும் பாட்டாகச் சொல்ல வேண்டும். யாராவது ஒருத்தி எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். சந்தைக்காரர்கள் வீட்டுச் சாவுகளில் அந்த ஒருத்தி எப்போதும் ஜிபார்தான்.

குரல் அவளுக்குச் சோவியத் காலத்துச் சொத்து. பாலர் பள்ளியில் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாடு உடைந்தது, பள்ளியை இழுத்து மூடினார்கள். அடுத்த குளிர்காலத்தில் அவள் சந்தையில் நின்று பிள்ளைகளின் மேல்கோட்டுகளை விற்றாள். அன்றைக்குச் சந்தையில் நின்றவர்களில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். இன்ஜினியர் சாக்ஸ் விற்றார், நர்ஸ் பொத்தான் விற்றாள். புருஷன்மார்கள் பெரும்பாலும் வீட்டில் உட்கார்ந்து குடித்தார்கள். ஜிபாரின் புருஷன் கொஞ்சம் அவசரப்பட்டுக் குடித்து, சீக்கிரமே போய்ச் சேர்ந்தான்.

கப்பல் கன்டெய்னர் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் ஒரு கடை. கீழே வியாபாரம், மேலே கிடங்கு. கோடையில் இரும்பு கொதிக்கும். ஜனவரியில் அதைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும். கழிப்பறை சந்தையின் கடைசியில் இருந்தது, அதுவும் பனியில் சறுக்கிக்கொண்டே போக வேண்டும். அதனால் பெண்கள் பகல் முழுக்கத் தேநீரைத் தொடாமல் இருந்தார்கள். ஜிபாரின் சிறுநீரகம் அப்படித்தான் கெட்டது. இதையெல்லாம் மறந்துவிட்டுச் சந்தையைச் சொர்க்கம் என்று சொல்கிறவர்கள் அங்கே ஒரு குளிர்காலம் நின்று பார்க்கட்டும்.

ஆனால் பக்கத்துக் கடையில் ஷாயிர் இருந்தாள்.

ஷாயிர் விற்றது பெண்களின் உள்ளாடைகளும் வீட்டில் போடும் அங்கிகளும். அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது. கடை வரிசையில் போகிற ஆண்களை நிறுத்தி, "அண்ணே, பொண்டாட்டி அளவு தெரியுமா, இல்ல பக்கத்து வீட்டுக்காரி அளவுதான் தெரியுமா?" என்பாள். அவர்கள் முகம் சிவந்து வாங்கிக்கொண்டு போவார்கள். ஒருமுறை ஜிபாரின் வாடிக்கையாளர் ஒருத்தியை நைசாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இருவரும் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மாதத்திலும் ஜிபார் மருத்துவமனைக்குப் போன நாட்களில் அவள் கடையைத் திறந்து விற்றவள் ஷாயிர்தான். வந்த பணத்தைப் பேசாமல் கொண்டுவந்து வைத்துவிட்டு, பேசாமலே திரும்பிப் போனாள்.

வரிசைக்கு என்று எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் வரிசை முழுக்கக் கடையைச் சாத்திவிட்டுப் போகும். கல்யாணம், ஆபரேஷன், பையனை ரஷ்யாவுக்கு அனுப்புவது என்று எதற்கும் பத்துக் கைகள் வந்து நிற்கும். அரசாங்கம் கைவிட்ட காலத்தில் அந்தப் பெண்களுக்கு அரசாங்கம் அந்த வரிசைதான்.

அப்படி ஒரு சாவுக்குப் போய்த் திரும்பும்போது, மினி பஸ்ஸில் ஷாயிர் திடீரென்று கேட்டாள். "எனக்கு ரெண்டும் பசங்க. பொண்ணு இல்லாத வீட்டுல எனக்கு யாருடி அழுவா?"

"நான் அழுறேன். நீ முதல்ல சாவு."

"விளையாட்டு இல்லடி. சத்தமில்லாத சாவு ஒரு சாவா? நாயைப் புதைக்கிற மாதிரி."

அவள் கண் கலங்கியிருந்ததை அன்றுதான் ஜிபார் முதல்முறையாகப் பார்த்தாள். "நான்தான்டி எடுத்துக் குடுப்பேன். வாக்கு," என்று கையைப் பிடித்துச் சொன்னாள். ஷாயிர் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "என் கடைச் சரக்கையெல்லாம் பாட்டுல சேர்த்துடாத, முல்லா ஓடிப்போயிருவாரு," என்றாள். பஸ்ஸே சிரித்தது.

பிறகு வணிக வளாகம் வந்தது. சந்தையின் முன்பாதியை எடுத்துக்கொண்டு, கண்ணாடியில் நான்கு மாடி. இடம் போனவர்களில் விரும்பியவர்கள் உள்ளே சிறு கடை எடுக்கலாம். மற்றவர்களுக்குப் பழைய பஸ் பணிமனைக்குப் பின்னால் காலி மனை. ஜிபாருக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. சூடாக்கிய கட்டடம், சுடுதண்ணீர் வரும் கழிப்பறை, ஓய்வூதியக் கணக்கில் ஏறும் வியாபாரம். அவள் இரவெல்லாம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அவள் இடத்தில் யார் இருந்தாலும் போட்டிருப்பார்கள்.

ஷாயிர் வரமாட்டேன் என்றுவிட்டாள். "அங்க கத்தக் கூடாதாம்டி. கத்தாம நான் எப்படி விக்கிறது? ஊமைப் படமா காட்டுறது?"

அவள் பணிமனைப் பக்கம் போனாள். அந்த மனைக்கு மனிதர்கள் வழி தவறித்தான் வருவார்கள். ஜிபார் ஒருமுறை போய்ப் பார்த்தாள். ஷாயிர் மெலிந்திருந்தாள், மூச்சு வாங்கினாள். அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஜிபார் திரும்பினாள். அலமாரி பொருத்துவது, பெயர்ப்பலகை, பயிற்சி வகுப்பு என்று அடுத்த வாரம் தள்ளிக்கொண்டே போனது.

திறப்பு விழாவன்று காலை, கறுப்பு மேலங்கியில் பெயர் அட்டை குத்திக்கொண்டு ஜிபார் கடைமுன் நின்றபோது போன் அடித்தது. பர்ச்சின், வரிசையில் சாக்ஸ் விற்றவள்.

"ஷாயிர் போய்ட்டாடி. விடியக்காலைல. தூக்கத்துலயே."

ஜிபார் ஒரு பொம்மையின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அது கோட்டு மாட்டிய பிளாஸ்டிக் பொம்மை.

"கூடாரம் போட்டாச்சா?"

"போட்டுக்கிட்டு இருக்காங்க. நீ எப்ப வர்ற?"

அந்த நேரத்தில் மாடி மேற்பார்வையாளன் தாஸ்தான் வந்துகொண்டிருந்தான். நல்ல பையன், கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஜிபார் போனைக் கையால் மூடிக்கொண்டு அவனிடம் கேட்டாள். "தம்பி, சாவு ஒண்ணு. நான் போகணும்."

"உங்களுக்கு என்ன வேணும்க்கா அவங்க? அக்காவா, தங்கச்சியா?"

"பக்கத்துக் கடை."

தாஸ்தான் தலையைச் சொறிந்தான். "அக்கா, இன்னிக்குக் கடை மூடியிருந்தா ஒப்பந்தம் போயிரும். வெளியில எத்தனை பேரு காத்துக்கிட்டு இருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும். சொந்தம்னா நான் பேசிப் பாக்கலாம். பக்கத்துக் கடைன்னு எழுத லீவு படிவத்துல இடமே இல்லையே."

ஜிபார் அவசரமாகக் கணக்குப் போட்டாள். ஷாயிரின் சொந்தமெல்லாம் நாரின் மலைப்பக்கம். கணவாய் தாண்டி அவர்கள் வர வேண்டும், சாவு விருந்துக்குக் குதிரை அறுக்க வேண்டும், நம் வழக்கப்படி மூன்றாம் நாளுக்கு முன்னால் யார் உடலை எடுத்திருக்கிறார்கள்? ஒப்பாரியில் முக்கியமானது உடலைத் தூக்குகிற நேரத்து ஒப்பாரி. நாளை விடியலில் போய்விட்டால் போதும்.

"பர்ச்சின், நான் நாளைக்குக் காலைல வந்துடுறேன். நான் வர்ற வரைக்கும் எவளும் எடுத்துக் குடுக்கக் கூடாது, சொல்லிட்டேன். அது நான் குடுத்த வாக்கு."

"சரிடி. உனக்காகக் காத்திருக்கோம்."

கைப்பையும் போனும் கீழ்த்தளப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். அதுதான் அங்கே விதி. ஜிபார் போய் வைத்துவிட்டு வந்தாள்.

பிறகு நாடா வெட்டினார்கள். கோட்டும் சூட்டுமாக ஒருவர் மைக்கைப் பிடித்து, இந்த வளாகம் எத்தனை குடும்பங்களுக்கு வேலை தரும், நகரத்தின் வாழ்க்கைத் தரம் எப்படி உயரும் என்று விலாவாரியாகப் பேசினார். பொய் என்று சொல்லமாட்டேன். வேலை கிடைத்தது, தெருவில் விளக்கு வந்தது, பெண்களின் கால் விறைப்பது நின்றது. ஒன்றைக் கொடுக்கும்போது எதை எடுத்துக்கொள்கிறோம் என்று அந்த மைக்கில் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

கூட்டம் அலைமோதியது. யாரும் வாங்க வரவில்லை. நகரும் படிக்கட்டில் ஏறி இறங்கவும் படம் எடுத்துக்கொள்ளவும் வந்தார்கள். ஒரு கிழவர் படிக்கட்டின் முன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். ஒரு பெண் சிவப்புக் கோட்டைத் தடவிப் பார்த்து, "கொஞ்சம் கொறச்சுக் குடுங்க அக்கா," என்றாள். வளாகத்தில் விலை குறைப்பது கிடையாது. ஜிபார் அதைச் சொன்னதும் அவள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள். கூரையிலிருந்து பாட்டு நாள் முழுக்கக் கொட்டிக்கொண்டிருந்தது. ஜிபார் உதட்டை அசைக்காமல் ஷாயிருக்கான வரிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். குளிரில் சிரித்தவளே, ஊருக்கெல்லாம் உடுப்புக் கொடுத்தவளே என்று தொடங்கலாம். ஊமைப் படம் வேண்டாம் என்றவளே என்றும் ஒரு வரி சேர்க்க வேண்டும். ஆள் வந்தால் புன்னகைக்க வேண்டும், புன்னகைத்தாள்.

கடை மூடியபின் பெட்டியைத் திறந்தால், பர்ச்சின் விடாமல் அழைத்திருந்தது தெரிந்தது. திரும்ப அழைத்தாள். எடுக்கவில்லை. சமையல் வேலையில் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஷாயிரின் வீடு இருந்த புறநகர்க் குடியிருப்புக்குப் போகும் மினி பஸ் அதற்குள் நின்றுபோயிருந்தது.

மறுநாள் முதல் வண்டியில் போய் இறங்கினாள். தலையில் வெள்ளைத் துணி, கையில் ரொட்டியும் சர்க்கரையும். தெருமுனையிலேயே காலைச் சற்று மெதுவாக வைத்தாள். சாவு வீட்டின் முன்னால் ஆண்கள் வரிசையாக நின்று வாய்விட்டு அழும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. முற்றத்தில் கூடாரம் இல்லை. அதன் மரச்சட்டங்களைக் கட்டி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஷாயிரின் இளைய மகன் ஏர்மெக் வந்து கையைப் பிடித்தான். கண்கள் வீங்கியிருந்தன. "நேத்தே அடக்கம் பண்ணிட்டோம்க்கா. புது முல்லா, அன்னன்னிக்கே எடுத்துரணும்னு சொல்லிட்டாரு. நாரின்காரங்களே வந்து சேரல."

ஜிபார் உள்ளே போனாள். சமையல்கட்டில் பர்ச்சின் தனியாக, விருந்துக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் ஜிபாரால் கொஞ்சம் தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும்.

"எத்தனை தடவை போன் போட்டேன்," என்றாள் பர்ச்சின். "ஜனாஸா தொழுகைக்கு நேரமாச்சுன்னு முல்லா வாசல்ல நிக்கிறாரு. ஏர்மெக், 'ஜிபார் அக்கா வந்துருவாங்க, கொஞ்சம் இருங்க'ன்னு ரெண்டு தடவை தடுத்துப் பாத்தான். நாங்க எல்லாரும் சுவத்தைப் பாத்து உக்காந்திருந்தோம். வரிசை முழுக்க வந்திருந்துச்சு. நீ எடுத்துக் குடுக்கக் கூடாதுன்னுட்ட. அதனால எவளும் வாயைத் தெறக்கல. அப்படியே தூக்கிட்டுப் போய்ட்டாங்க."

"சத்தமே இல்லாமயா?"

"சத்தமே இல்லாம."

இடுகாட்டுக்குப் பெண்கள் போகிற வழக்கம் இல்லை. ஜிபார் ரொட்டியைக் கீழே வைத்தாள். சமையல்கட்டுச் சுவரைப் பார்த்து, மண் தரையில் உட்கார்ந்தாள். முதுகை நிமிர்த்தி, முந்தைய நாள் முழுக்கக் கட்டி வைத்த முதல் வரியை எடுத்தாள். குரல் உடையாமல் நன்றாகவே வந்தது. வரி முடிந்ததும், மற்றவர்கள் சேர்ந்துகொள்வதற்காக வழக்கம்போல நிறுத்தினாள்.

கிண்ணத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பர்ச்சின் ஒரு கிண்ணத்தைத் துடைத்துக் கவிழ்த்தாள், இன்னொன்றை எடுத்தாள்.

"விடுடி," என்றாள். "கடைக்கு நேரமாகல?"