எட்டாவது கோடு

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய தெருவில் ‘பிரெஞ்சுக்காரன் வீடு’ என்று ஊரார் சொல்லும் பழைய மாடி வீட்டை விற்றுக் கொடுக்கும் பொறுப்பு, வீட்டுத் தரகரான என்னிடம் வந்தது. கூரை ஒழுகியது. சுவர்களில் உப்புப் பூத்திருந்தது. கூடத்துச் சுவரில் யாரோ கரியால் ஏழு கோடுகள் கீறியிருந்தார்கள். திருத்த வேலைக்காகச் சுவரைப் படம் எடுத்துவிட்டு, கனடாவில் இருக்கும் உரிமையாளர் அக்காவிடம் கேளாமலே வெள்ளை அடித்தேன்.

மறுநாள் காலையில் கோடுகள் வெள்ளைக்கு மேலே மங்கலாகத் தெரிந்தன. இன்னொரு முறை அடித்தேன். திரும்பவும் தெரிந்தன. வேறு வழியில்லாமல் அக்காவை வீடியோவில் அழைத்துக் காட்டினேன்.

“அது என்ர தம்பியின்ர உயரம். வருசப்பிறப்புக்கு வருசப்பிறப்பு அம்மா கீறினவ. ஏழு வயசில கடலோட போனவன், உடம்பும் கிடைக்கேல்ல.” சற்று நேரம் சுவரையே பார்த்தார். “எட்டாவது கோடு ஆர் கீறினது?”

எண்ணினேன். எட்டு. நான் எடுத்த படத்தில் ஏழுதான். வீட்டுப் பூட்டின் திறப்போ என்னிடம் மட்டுமே இருந்தது. உச்சிக் கோட்டைத் தொட்டேன். விரலில் புதுக் கரி ஒட்டியது.

“அளவெடுக்க நான்தான் கீறினனான், அக்கா.”

“ஓம்” என்றார். நம்பவில்லை. “இனி அதில வெள்ளை அடிக்காதேங்கோ.”

ஒரு தாய் கீறியதை அழிக்கப் பார்த்தேனே என்று இன்றும் மனம் உறுத்துகிறது. வாங்க வருபவர்கள், “வீடு வெறுமையாத்தானே கிடக்கு?” என்று கேட்டால், ஓம் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.